அரக்குக் கழிவு

"கையிலே என்னம்மா, பிளாஸ்டிக்கா?"

போன மாதம் மாட்டுங்காவில் எங்கள் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. தட்டு மாற்றி முடித்து, எல்லோரும் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியத்தை கேட்ட கேள்வி இது. அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மனுஷி. கோயமுத்தூரிலிருந்து ரயிலேறி வந்தவர், எங்களுக்காக இரண்டு கிலோ மைசூர்பாகு தூக்கிக்கொண்டு வந்தவர். உள்ளதைத்தான் கேட்டார். ஆனால் தங்கமணியின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். (தங்கமணி என்றால் வீட்டு அம்மணி. பழைய வாசகர்களுக்குத் தெரியும். இன்றைக்கு அந்தப் பேர் ரொம்பப் பொருத்தம்.)

பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். "இல்ல அத்தை, அரக்கு வளையல்."

"அரக்கா? சீல் வைப்பாங்களே, அந்த அரக்கா?"

"அதேதான்."

அத்தை அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. புடவையைத் தொட்டுப் பார்த்து, "இந்த அரக்குக் கலர் உனக்கு எடுப்பா இருக்கு" என்றார். பிறகு காதைப் பார்த்தார். கறுப்பில், பொன்தூள் தூவின மாதிரி இரண்டு சின்ன வட்டத் தோடு. "இது என்ன கல்லு?" "கல் இல்ல அத்தை, ஜப்பான்லேருந்து ஆபீஸ் ஃப்ரெண்ட் வாங்கிட்டு வந்தா. மரத்துப் பால்ல பண்றது, வாஜிமான்னு ஒரு ஊரு."

"ஜப்பானா!" என்று அத்தை கண்ணை விரித்தார். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருத்தர் போட்டோ கூட எடுத்துக்கொண்டார்.

ஒரே பெண், ஒரே நேரம், ஒரே ஆள். புடவையில் இருந்தால் அரக்கு எடுப்பு. கையில் இருந்தால் பிளாஸ்டிக்கா என்று சந்தேகம். காதில் ஜப்பான்காரன் பண்ணினால் போட்டோ. அன்றிலிருந்து இது மனதில் குடைந்துகொண்டே இருக்கிறது. எழுதிவிட்டால் போய்விடும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஜப்பான் சங்கதி. அதை மட்டம் தட்ட நான் வரவில்லை. அவர்கள் 'உருஷி' என்கிற மரத்தின் பாலை எடுத்துப் பூசுகிறார்கள். நம் ஊர் மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் இருக்கும் அதே குடும்பத்து மரம். சேராங்கொட்டைப் பால் பட்டால் எப்படித் தோல் வெந்து போகுமோ அப்படித்தான் இதுவும். காயாத உருஷி கையில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் நிச்சயம். மரம் பத்துப் பதினைந்து வருஷம் வளர்ந்த பிறகு ஒரே ஒரு பருவம் கீறிப் பால் எடுப்பார்கள். கிடைப்பது ஏறக்குறைய 200 மில்லி, ஒரு டம்ளர் காப்பி அளவு. அதோடு மரத்தை வெட்டிவிடுவார்கள். அந்தப் பால் காய்வதற்கு வெயில் ஆகாது, ஈரம் வேண்டும். 70, 80 சதவீத ஈரப்பதத்தில் பெட்டிக்குள் வைத்தால்தான் இறுகும். நம் மும்பை ஜூலை மாதம் அதற்கு ரொம்பப் பிடிக்கும் :-) ஒரு பூச்சு, காத்திருப்பு, தேய்ப்பு, மறுபடி ஒரு பூச்சு. வாஜிமாவில் ஒரு கிண்ணம் முடிய நூற்றுக்கு மேற்பட்ட படிகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். விலை ஏன் அப்படி என்று இப்போது புரியும்.

இதை உடம்பில் அணிவது அவர்களுக்குப் புதிதும் இல்லை. ஃபுகுய் மாநிலத்தில் தோரிஹாமா என்ற இடத்தில் தோண்டியபோது சிவப்பு உருஷி பூசிய சீப்பு ஒன்று கிடைத்தது. சுமார் 6000 வருஷப் பழசு. எடோ காலத்து ஆண்கள் இடுப்புக் கச்சையில் 'இன்ரோ' என்று ஒரு சின்ன அடுக்குப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். உள்ளே முத்திரையும் மருந்தும். வெளியே பூச்சு மேல் பொன்தூளில் கொக்கும் நாணலும். பெண்களுக்குத் தலையில் சீப்பும் கொண்டை ஊசியும். 1868க்குப் பிறகு கோட்டும் கால்சட்டையும் வந்து, சட்டைப்பை வந்ததும் இன்ரோவுக்குத் தொங்க இடம் இல்லாமல் போயிற்று. இப்போது கிண்ணம் வாங்கும் ஆட்கள் குறைந்ததால், அதே குடும்பங்கள் தோடும் பதக்கமும் செய்கின்றன. பெண்ணுக்கு வந்த தோடு அந்த வகை.

2024 ஜனவரி 1ஆம் தேதி நோட்டோ தீபகற்பத்தில் பூகம்பம் வந்ததே, அதில் வாஜிமா ஊரே குலைந்து போயிற்று. காலைச் சந்தைத் தெரு தீப்பிடித்து எரிந்தது. பட்டறைகளும் போயின. அதே வருஷம் ஏப்ரலில் அவர்கள் பிரதமர் கிஷிடா அமெரிக்கா போனபோது பைடனுக்குக் கொடுத்த பரிசுகளில் வாஜிமா பூச்சுக் கோப்பையும் இருந்தது. அடி வாங்கிய ஊரின் கைவேலையைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். செய்தியைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

சரி, நம் அரக்குக்கு வருகிறேன்.

நம்முடையது மரப்பால் இல்லை, பூச்சியின் கசிவு. புரசு, இலந்தை, குசும் மரக் கிளைகளில் குண்டூசித் தலை அளவு பூச்சிகள் லட்சக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றித் தானே ஒரு ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டைச் சுரண்டி எடுத்தால் அரக்கு. ஜார்க்கண்டில்தான் அதிகம். 1924லேயே ராஞ்சி பக்கத்தில் நாம்கும்மில் இதற்கென்று ஓர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிவிட்டார்கள். உருஷி ஈரத்தில் இறுகும், ஒருமுறை இறுகினால் உருகாது. அரக்கு சூட்டில் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி சுட்டால் மறுபடி இளகும். இரண்டும் வேறு வேறு பொருள். 'இதுவும் அதுவும் ஒன்றுதான், நம்மகிட்ட இல்லாததா' என்று மார் தட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பான் வேலைக்கு இங்கிலீஷ்காரன் வைத்த 'லாக்கர்' என்ற பேர் நம் 'லாக்ஷா', 'லாக்' என்பதிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் போனது. ஐரோப்பாவில் உருஷி மரம் கிடையாது. கப்பலில் வந்த ஜப்பான் பெட்டிகளைப் பார்த்து மயங்கி, அதே மாதிரி செய்ய அவர்கள் எடுத்துக்கொண்டது இந்தியாவிலிருந்து போன அரக்கைத்தான். அந்த வேலைக்கு 'ஜப்பானிங்' என்றே பேர் வைத்தார்கள். 1688ல் இங்கிலாந்தில் அதற்கு ஒரு செய்முறைப் புத்தகம் கூட வந்தது. ஆக, சரக்கு நம்முடையது, பேர் ஜப்பானுடையது. அன்றைக்கும் அரக்குக்கு மதிப்பு அடுத்தவன் பேரில்தான்!

பாரதத்தில் பாண்டவரை எரிக்கக் கட்டிய மாளிகை, பெண்கள் காலில் தீட்டிய செம்பஞ்சுக் குழம்பு, பாகவதர் பாட்டுக் கேட்ட பழைய கிராமபோன் தட்டு, எல்லாவற்றிலும் இதே பூச்சிதான். பட்டுப்புடவைக்கு 'அரக்குக் கலர்' என்கிறோமே, அந்தச் சிவப்பின் பேரும் இதிலிருந்து வந்ததுதான். வங்கியில் நான் சேர்ந்த காலத்தில் பணப்பையையும் நகைக்கடன் பொட்டலத்தையும் மெழுகுவர்த்தியில் அரக்குக் குச்சியைக் காட்டி, சொட்டு விட்டு, பித்தளை முத்திரையால் அழுத்துவோம். விரல் சுடாமல் சீல் வைக்கத் தெரிந்தவன்தான் நல்ல கேஷியர் என்று எங்கள் ஹெட் கேஷியர் சொல்வார். என் வலது ஆள்காட்டி விரலில் இன்றைக்கும் ஒரு தழும்பு இருக்கிறது.

நான் அம்பாசமுத்திரத்துப் பக்கம். அந்த ஊர்ச் சொப்பு தெரியாதவர் உண்டா? சின்ன அம்மி, ஆட்டுக்கல், உரல், குடம், அடுப்பு எல்லாம் மரத்தில் கடைந்து, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அரக்குப் பூசி, பனையோலைப் பெட்டியில் போட்டுத் தருவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கடைசல் பட்டறை வாசலில் நின்று பார்ப்பேன். சுற்றுகிற மரத்தில் வண்ண அரக்குக் கட்டையை வைத்து அழுத்தினால், உரசுகிற சூட்டிலேயே அது இளகி மரத்தில் ஏறிக்கொள்ளும். அடுப்பு கிடையாது, பிரஷ் கிடையாது. மங்கலாக இருந்த மரம் கண்ணெதிரே பளபளக்கும். அந்த வாசனை இருக்கிறதே... இப்போது நினைத்தாலும் மூக்கில் வருகிறது. அக்காவின் சொப்புகளை நான் உருட்டி விளையாடி அடி வாங்கியதெல்லாம் வேறு கதை.

கர்நாடகத்தில் சன்னபட்டணத்திலும் இதே கைவேலைதான். பெங்களூர் மைசூர் சாலையில், பெங்களூரிலிருந்து 60 கிலோமீட்டர். வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கு ஏற்றி, தாழை மடலால் தேய்த்து மெருகு கொடுப்பார்கள். திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகத்துக் கலைஞர்கள் வந்து சொல்லிக்கொடுத்தார்கள் என்றும், இருபதாம் நூற்றாண்டில் பவாஸ் மியான் என்பவர் ஜப்பான் முறைகளைக் கொண்டுவந்து வேலையைத் திருத்தினார் என்றும் ஊர்க்காரர்கள் சொல்லும் வரலாறு. பாருங்கள், மறுபடி ஜப்பான்! பிளாஸ்டிக் பொம்மை வந்து குவிந்த பிறகு அவர்களும் வளையல், மணி, தோடு என்று திரும்பினார்கள். பொம்மை வாங்காதவர்கள் வளையல் வாங்கினார்கள். எங்கள் பெண் நிச்சயத்துக்குப் போட்டது சன்னபட்டணத்து மர வளையல் நாலும், நடுவில் ஜெய்ப்பூர் அரக்கு வளையல் இரண்டும்.

ஜெய்ப்பூர் வளையல் வேறு விதம். அங்கே மணிஹாரோன் கா ராஸ்தா என்று ஒரு சந்து முழுக்க இதுதான் வேலை. அரக்கைக் கல்பொடியோடு சேர்த்துக் கரியடுப்பில் காட்டி இளக்கி, கோலாக உருட்டி, மேலே வண்ண அரக்கு ஏற்றி, வளைத்து ஒட்டி, சூடு ஆறுமுன் கண்ணாடிச் சில்லும் கல்லும் பதிப்பார்கள். கை அளவுக்கு அப்போதே செய்து தருவார்கள். ராஜஸ்தானில் கல்யாணப் பெண்ணுக்கு அரக்கு வளையல் மங்கலம். அந்தச் சந்தில் செய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்தினர். அங்கே யாரும் பிளாஸ்டிக்கா என்று கேட்பதில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டேன். என் சொந்தக் கதையைச் சொல்லாமல் விட்டால் யோக்கியம் இல்லை. ஏனென்றால் நானே அரக்கைக் கழித்த ஆள். அதுதான் என் பிழைப்பு.

எங்கள் ஆச்சி பாம்படம் போட்டிருந்தார். தோள்வரை தொங்கும் காது. உங்களில் நெல்லைச் சீமைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: உருண்டையும் கட்டமும் முக்கோணமுமாக, ஏதோ கணக்கு வாத்தியார் வடிவமைத்த மாதிரி இருக்கும் காது நகை. 1989ல் அக்கா கல்யாணத்துக்கு நகை போதவில்லை. ஆச்சி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாம்படத்தை அழித்து அக்காவுக்கு வளையல் செய்வது என்று முடிவாயிற்று. அப்பா தராசில் நிறுத்துப் பார்த்தார். எட்டரை சவரன். எங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறையாக நகை செய்யும் ஆசாரியிடம் கொடுத்தார். உருக்கிவிட்டு ஆசாரி கொண்டுவந்த தங்கம் ஐந்தரைக்கும் கீழே.

"மூணு சவரன் எங்கே ஓய்?"

"அரக்கு போச்சு அய்யா. பாம்படத்துக்குள்ள பூரா அரக்குதானே. நெருப்புல வச்சதும் புகையாப் போயிட்டு."

"அரக்கு மூணு சவரன் கனமா கனக்கும்? யாருகிட்ட கதை விடுதீரு?"

அப்பா நம்பவில்லை. தெருவே கேட்கும்படி பேசிவிட்டார். ஆசாரி ஒன்றும் பதில் சொல்லாமல், அந்தத் தங்கத்தில் கூலி வாங்காமல் வளையல் செய்து கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. 'திருட்டு ஆசாரி' என்றுதான் வெகுகாலம் எங்கள் வீட்டில் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலையில் சேர்ந்து, நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்த முதல் மாதம். மதிப்பீட்டாளர் ஒரு பாம்படத்தைக் கையில் உருட்டிப் பார்த்து, "மொத்த எடை இவ்வளவு, அரக்குக் கழிவு இவ்வளவு, நிகர எடை இவ்வளவு" என்று சீட்டு எழுதினார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழித்திருந்தார். நான் திகைத்து நின்றேன். அவர்தான் விளக்கினார். மெல்லிய தங்கத் தகட்டில் கூடு செய்து, உள்ளே அரக்கோடு செங்கல் பொடியும் கலந்து நிரப்புவார்கள். அது இல்லாவிட்டால் ஒரு தடவை தலையணையில் படுத்தாலே தகடு நசுங்கிவிடும். கொஞ்சம் தங்கத்தில் பெரிய நகை செய்யும் வழி அது. வெளியே மினுக்குவது தங்கம், அதை நிமிர்த்திப் பிடித்திருப்பது அரக்கு.

அன்று சாயங்காலமே ஊருக்குக் கடிதம் எழுதினேன். அப்பா படித்தாரா, படித்துவிட்டுப் பேசாமல் இருந்தாரா தெரியாது. பதிலில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பொங்கலுக்குப் போனபோது ஆசாரி வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். பட்டறை பூட்டியிருந்தது. அவர் முந்தின ஆடியிலேயே தவறிவிட்டார் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள்.

மும்பைக்கு மாற்றலாகி வந்த பிறகு தாராவி வாடிக்கையாளர்கள் நிறைய. பாதிக்குப் பாதி நம் நெல்லைச் சனங்கள். ஒருநாள் 90 அடி ரோட்டுப் பக்கமிருந்து ஒரு மூதாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பேரனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். முந்தானை முடிச்சை அவிழ்த்தால் ஒரு ஜோடி பாம்படம். அவருடையது அல்ல, அவருடைய ஆத்தாவுடையது. மதிப்பீட்டாளர் கழிவு போட்டுச் சொன்ன தொகை பீஸுக்குப் பத்தவில்லை.

"கழிவுன்னா என்னய்யா?"

"உள்ள அரக்கு இருக்குல்லா ஆச்சி. அதுக்குப் பணம் கிடையாது."

"எங்க ஆத்தா காதுல அதையும் சேத்துத்தானய்யா சொமந்தா."

எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. விதி விதிதான். தங்கத்தின் நிகர எடைக்குத்தான் கடன். அந்த அம்மாள் கேட்டதில் கணக்குத் தப்பு இல்லை, என் சீட்டிலும் கணக்குத் தப்பு இல்லை. மிச்சத் தொகைக்கு என்ன செய்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டும். மூன்று மாதத்தில் வந்து மீட்டுக்கொண்டு போனார்கள் என்பது மட்டும் தெரியும். பொட்டலத்தின் அரக்கு முத்திரையை உடைத்துக் கொடுத்தவன் நானே.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். திட்டுவதானால் திட்டுங்கள்.

புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்குத் தங்கம் பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி டெபாசிட் கட்டப் பணம் தேடி அலையாதவர்கள். தெரியாத ஊரில், ஜாமீன் போட ஆள் இல்லாத ஊரில், கேள்வி கேட்காமல் காசு தருவது தங்கம் ஒன்றுதான். நான் சயானில் ஒற்றை அறைக்கு டெபாசிட் கட்டியது தங்கமணியின் இரண்டு வளையலை அடகு வைத்துத்தான். 2025ல் பத்து கிராம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, எங்கள் தெருவில் 'வாங்கி வைக்காமல் போனோமே' என்று வருத்தப்படாத வீடு இல்லை, என் வீடும் சேர்த்து. ஆகையால் பெண்ணுக்குத் தங்கம் போடுகிறோம். போட வேண்டியதைப் போடுகிறோம். அது அவள் பேரில் லாக்கரில் இருக்கட்டும். (இந்த லாக்கர் வேறு லாக்கர்.)

ஆனால் லாக்கரில் வைக்க வேண்டியதை ஏன் சபை நடுவே கையில் மாட்டி எண்ண வேண்டும்? மும்பையில் லோக்கல் ரயிலில் போகிற பெண் எவளாவது நாலு சவரன் வளையலோடு போகிறாளா? தாலிச் செயினையே துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு போகிறார்கள். வருஷத்தில் 360 நாள் பெட்டியில் தூங்கி, அஞ்சு நாள் அடுத்தவர் எடை போடுவதற்கென்று வெளியே வரும் பொருளுக்கு நகை என்று பேர். தினமும் கையில் கிடந்து, பெண்ணோடு ஆபீசுக்கும் சந்தைக்கும் போகும் பொருளுக்கு 'சும்மா ஏதோ போட்டிருக்கா' என்று பேர். நிச்சயத்துக்கு அரக்கு வளையல்தான் போடுவேன் என்று பெண் பிடிவாதம் பிடித்தபோது நானும்தான் முதலில் முகம் சுளித்தேன். "அடகுக் கடையில் எடுத்துக்கவே மாட்டான்" என்று வங்கிக்காரப் புத்தி பேசிற்று. "அதனாலதான் அப்பா. இதை யாரும் என்கிட்டேர்ந்து கேட்க மாட்டாங்க" என்றாள். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

இன்னொன்று. ஜப்பான் தோட்டைப் பார்த்து வியந்தார்களே, அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். வியக்க வேண்டியதுதான். ஆனால் ஜப்பான்காரர் அதை எப்படி விற்கிறார் என்று பாருங்கள். சின்னப் பெட்டி. உள்ளே ஒரு சீட்டு: எந்த ஊர், எந்தப் பட்டறை, எத்தனை பூச்சு, எப்படித் துடைக்க வேண்டும். நம் ஊரில் அரக்கு வளையலைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, டஜன் கணக்கில் தள்ளுகிறோம். வாங்குகிறவரும் "ஜோடி நூறுன்னு போட்டுக்குடு" என்று பேரம் பேசாமல் நகர்வதில்லை. நானும் பேசியிருக்கிறேன். நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று போடும் சதவீதத்தை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு, நேரே வந்து வளையல்காரரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிற சாதி நாம்.

பேரம் பேசிப் பேசி என்ன ஆயிற்று என்றால், புலேஷ்வர் சந்தில் 'லாக்' என்று கேட்டால் இன்றைக்குப் பாதிக் கடைகளில் நீட்டுவது பிளாஸ்டிக் வார்ப்பு. கேட்ட விலைக்கு அதுதான் வரும். அத்தை கேட்டதில் அந்த நியாயமும் இருக்கிறது. வாங்கப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அசல் அரக்கு கையில் வைத்தால் கனம் தெரியும். ஒன்றோடு ஒன்று தட்டினால் பிளாஸ்டிக் மாதிரி 'டக் டக்' என்று வெற்றுச் சத்தம் வராது. கையில் செய்தது என்பதால் ஒட்டின இடம் உற்றுப் பார்த்தால் தெரியும், ஒரு வளையல் மாதிரி இன்னொன்று அச்சாக இருக்காது. கீழே போட்டால் உடையும். அடுப்படிக்கும் வெந்நீருக்கும் ஆகாது, பாத்திரம் தேய்க்கும்போது கழற்றிவிடுங்கள். சன்னபட்டணத்து வளையலில் உள்ளே மரம் என்பதால் லேசாக இருக்கும், தண்ணீரில் ஊறவிடக் கூடாது. அங்கேயும் அரக்குக்குப் பதில் பெயிண்ட் அடித்ததைத் தலையில் கட்டுவார்கள். அரக்கின் மெருகு மரத்தோடு சேர்ந்தே கிடக்கும், பெயிண்ட் தோலாக உரியும்.

நம் அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்கள் வளையல் செய்தால் என்ன என்று ஒரு ஆசை ரொம்ப நாளாக உண்டு. கை இருக்கிறது, அரக்கு இருக்கிறது. சொப்பு வாங்கும் வீடுகள்தான் குறைந்துவிட்டன. நவராத்திரிக்குக் கொலு வைக்கும் மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் ஒரு செட் சொப்பு இருக்கும். பேரக்குழந்தைகளுக்கு அது என்னவென்று தெரியாது. கொலுப்படியில் வைக்கும் அதே சிவப்பை, அதே மஞ்சளை ஒரு வட்டமாகக் கடைந்தால் கையில் ஏறிவிடும். இது வியாபார யோசனை, எனக்கு வியாபாரம் தெரியாது. தெரிந்தவர் யாராவது படித்தால் சரி.

நிச்சயம் முடிந்த ராத்திரி தங்கமணிக்கு ஒரே மனத்தாங்கல். "அவங்க பிளாஸ்டிக்கான்னு கேட்டப்ப எனக்குப் பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்தது. நாலு பேர் என்ன நெனப்பாங்க. ஒண்ணும் இல்லாத வீடுன்னு நெனச்சிருப்பாங்க." அவள் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் சீட்டுப் போட்டு, கிராம் கிராமாகச் சேர்த்தது அவள். யாருக்கும் காட்டாமல் எதற்குச் சேர்த்தேன் என்று கேட்கிறாள். அதற்கும் ஒரு நியாயம் உண்டு. நான் பாம்படக் கதையை அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த ஆசாரி வீட்ல யாரும் இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு மகன் தென்காசியில் செல்போன் கடை வைத்திருப்பதாகக் கேள்வி. ஊருக்குப் பத்திரிகை வைக்கப் போகும்போது அவரைத் தேட வேண்டும்.

தை மாதம் கல்யாணம். முகூர்த்தத்துக்குத் தங்கம், மறுநாள் ரிசப்ஷனுக்குப் பெண்ணின் இஷ்டம் என்று இரண்டு பேருக்கும் நடுவே ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. ஜெய்ப்பூருக்கு வளையல் சொல்லியாகிவிட்டது. நேற்று பெண் கை அளவு எடுத்து அனுப்பும்போது தங்கமணி பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் நீட்டினாள். இரண்டே கால் அங்குலம். பெரியத்தைக்கும் ஒரு ஜோடி சொல்லலாம் என்று பெண் சொல்கிறாள். அவர் கை அளவு யாரிடம் கேட்பது என்றுதான் இப்போது வீட்டில் பேச்சு.